நாற்பத்தொரு கிராம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
இருபது நிமிஷம்.
நெல் வேகன்கள் நகர்ந்து முடியும்வரை
எங்கள் சுண்ணாம்பு லாரியும் நிற்கும்
என்ஜினை அணைக்காமல்.
அந்த டீசலையும் எழுதிக்கொள்கிறேன்.

என் வேலை எழுதுவது.
கல் எவ்வளவு புகை தின்றது,
தின்னவைக்க நாங்கள் எவ்வளவு புகை விட்டோம்.
வரவு ஒரு பத்தி, செலவு ஒரு பத்தி.

அரிசி ஆலைக் கொதிகலனில் உமி எரிகிறது.
கோரையாற்றுப் பக்கம் சாய்ந்து
துணி காயப்போட்டவர்களிடம் வசவு வாங்கிய புகையைக்
குழாயில் திருப்பி, கழுவி, ஆறவைத்து
இரும்பு அறைக்குள் விடுகிறோம்.
உள்ளே அடுக்கடுக்காய் ஈரக் கற்கள்:
உமிச்சாம்பல், எம்சாண்ட்,
திருச்சி கேஸ் கம்பெனி
வேண்டாமென்று கொட்டும் வெள்ளைச் சகதி.
சூளை கிடையாது.
பதினெட்டு மணி நேரம் கல் புகையை உண்ணும்.
உண்ணும்போது வியர்க்கும்.
அலங்காரத்துக்குச் சொல்லவில்லை,
கதவைத் திறந்தால்
ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீர்.

கார்த்திகை மழையில் நின்றபடி
சம்பா இழுத்துக்கொண்ட காற்றுதான் அது.
அரிசிக்குப் போன பங்கை
நாம் தின்று, மூச்சாய்த் திருப்பிவிடுகிறோம்.
உமிக்குப் போனது கல்லிடம் மாட்டிக்கொண்டது.
கல் திருப்பித் தருகிற ஜாதி இல்லை.

ஈரம்தான் சூட்சுமம்.
கூடினால் துளை அடைத்துப் புகை நுழையாது.
காய்ந்தால், நுழைந்த புகை கரையத் தண்ணீர் இல்லை.
மீட்டரைக் குத்திப் பார்த்து
"எட்டுக்கு மேல, திருப்பு" என்பேன்.
அறைக்குக் கல் தள்ளும் முத்துவீரப்பன்
ஒன்றும் பேசாமல் திருப்புவார்.
பூவனூர் கொள்முதல் நிலையத்தில்
பதினேழுக்கு மேல என்று யாரோ சொன்னதால்
நெல்லோடு நான்கு இரவு ரோட்டில் படுத்தவர்.
முளைத்த நெல்லைக் குவித்துவிட்டு
இங்கே வேலைக்கு வந்தார்.
"மீட்டர் புடிக்கிறவன் எல்லாம் ஒரே வம்சம்" என்பது
அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

சான்று தருகிறவர் சென்னையிலிருந்து வந்த அன்று
நிறம் காட்டும் மருந்துப் புட்டி காலி.
முதலாளிக்குக் கல்லைவிட அதிகம் வியர்த்தது.
பிரஸ் ஓட்டும் தையல்நாயகி
சாமி மாடத்திலிருந்து மஞ்சள் தூளை அள்ளி வந்து
கரைத்து, உடைத்த கல்லின் வயிற்றில் பூசினாள்.
"சுண்ணாம்பு மிச்சமிருந்தா செவக்கும் சார்,
ஆரத்தி எப்படிச் செவக்குதாம்?"

சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.
நடுவில் மட்டும்
கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு.
புகை எட்டாத இடம்.
வந்தவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.
நான் எழுதிக்கொண்டேன்.

வாசலில் பலகை தயாராக இருந்தது:
புகையே இல்லாத கல்.
முதலாளி முன் பேரேட்டைத் திறந்தேன்.
கல் தின்றிருக்க வேண்டியது நூற்றெண்பத்தாறு கிராம்.
காற்றாடிக்கும் பிரஸ்ஸுக்கும் மின்சாரம் எண்பத்தொன்பது.
மலையை உடைத்து மணலாக்கி ஏற்றி வந்ததில் நாற்பத்து நான்கு.
சிவப்புக்குப் பதினொன்று.
ரயில்வே கேட்டுக்கு அரைக்கால் கிராம்கூட வராது,
இருந்தும் ஒன்று வைத்தேன்.
மிச்சம் நாற்பத்தொன்று.

"இதுக்கா இவ்வளவும்?"
ஒரு கைப்பிடி அரிசி எடை அது.
அவர் ஆலை அதை லட்சத்தால் பெருக்கித்தான் நிற்கிறது,
அதைச் சொன்னேன்.
பலகையை மறுபடி எழுதக் கொடுத்தார்.
பெயின்டர் எண்ணை மட்டும் தப்பாக எழுதி
ஒரு வாரம் நாற்பத்தேழாகத் தொங்கியது.

முதல் லோடு பூவனூருக்கே போனது,
நெல் மூட்டைக்குத் தளமும் முக்கால் சுவரும்.
லாரியில் கூடப் போன முத்துவீரப்பன்
கேட்காமல் என் மீட்டரை எடுத்துப் போயிருக்கிறார்.
கட்டி முடித்த சுவரில் குத்திப் பார்த்தாராம்.
எவ்வளவு காட்டியது என்று கேட்டேன்.
கல்லைத் தள்ளிக்கொண்டே போனார்.

பேரேட்டில் அந்த வரி
இன்னும் காலியாக இருக்கிறது.